சுதாகரன் போட்ட சுடுதண்ணி

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் தேயிலைத்தோட்ட லயத்தின் ஒரு கோடியில் யாராவது தும்மினால் மறுகோடியில் இருப்பவர் "நூறு" என்று வாழ்த்துவார். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே பக்கத்துக் காம்பரா சுதாகரன் வீட்டு விஷயமெல்லாம் இந்த நாகலெட்சுமிக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். நான் ஒட்டுக் கேட்கிறவள் அல்ல. காதைப் பொத்திக்கொண்டு ரொட்டி தட்ட முடியாது, அவ்வளவுதான்.

சுதாகரன் நோர்வூட் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் மனைவி நிலக்ஷி என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள். காத்திருந்து பிறந்த பெண் பிள்ளைக்கு யதுஷிகா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்று அதை நாக்குத் தடுமாறாமல் சொன்னவர் கோயில் ஐயர் ஒருவர்தான், அவரும் கடதாசியைப் பார்த்துத்தான் சொன்னார். லயத்துக்கு அவள் யது. எனக்கு, இடுப்பில் ஏறினால் இறங்கமாட்டேன் என்று சட்டையைப் பிடித்துக்கொள்ளும் கழுதைக்குட்டி.

சுதாகரன் ஒரு சத்தக்காரன். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் பிள்ளை விஷயத்தில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. தொட்டிலாட்டுவான், துணி அலசுவான், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவான். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஆம்பிளைகள் கேலி பண்ணினால், "எம்புள்ளய நான் குளிப்பாட்டாம ஒங்கப்பனா வந்து குளிப்பாட்டுவாரு" என்று திருப்பிக் கொடுப்பான். அந்த ஒரு பதிலுக்காகவே அவன் சத்தத்தையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

தாய்ப்பால் மட்டும் குடித்த காலத்தில் யது பூசணிக்காய்போல இருந்தாள். ஆறு மாதம் முடிந்தது, சோறு கடைந்து ஊட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நிலக்ஷி வேலைக்குத் திரும்பினாள், தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு யது போனாள். பிடித்தது சனி. ஒரு வாரம் நன்றாக இருப்பாள், மறுவாரம் வயிற்றால் போகும். தேறி எழுந்து சிரிப்பாள், திரும்பவும் போகும். மாதா மாதம் கிளினிக்கில் தராசில் தொங்கவிடும்போது மற்றப் பிள்ளைகளின் முள் ஏறியது, யதுவின் முள் இறங்கியது.

"அடுத்த மாசமும் நிறை குறைஞ்சா நான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் துண்டு குடுக்கிறது. வார்டுல வச்சுத்தான் பார்க்கணும்," என்றார் மிட்வைப் மிஸ். அவர் சிங்களவர். எங்கள் மலைகளில் ஏறி இறங்கியே தமிழ் பேசப் பழகியவர். சும்மா பயமுறுத்துகிற ஆளும் இல்லை.

அன்றைக்கு நிலக்ஷி வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் அழுகிறவள் அல்ல. கவலை வந்தால் கை வேகமாகும். மறுநாள் மலையில் அவள் கொழுந்து பறித்த வேகத்தைப் பார்த்து கங்காணியே, "என்னாம்மா, செடியோட கோவமா" என்று கேட்டார். பிள்ளை தேய்கிறாள் என்கிற ஒரே விஷயம்தான் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சுதாகரன் வேறு மாதிரி. அவன் உடனே துப்புத்துலக்கப் புறப்பட்டுவிட்டான். போனில் எத்தனையோ வீடியோக்களைப் பார்த்து, "தண்ணிதான். வேற ஒன்னுமே இல்ல, தண்ணிதான்," என்று தீர்ப்புச் சொன்னான். அதுவரைக்கும் அவன் சொன்னது சரி. அதற்கு மேல் போனதுதான் வினை.

எங்கள் பிள்ளைக்காம்பராவைப் பார்ப்பவர் யூஜினா டீச்சர். கீழ் டிவிசனில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. பிள்ளைகளிடம் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பெரியவர்களிடம் அப்படி இல்லை. தோட்டத்தில் எங்களை அதிகாரம் பண்ணுகிற கண்டாக்கையாகூட சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் வாசலில் நின்று பேசினால், வாயில் விரல் வைத்து, ஒரு பார்வையிலேயே நம்மை ரோட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் பகல், தாய்மார் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த நேரம், நிலக்ஷியோடு நானும் வந்திருந்தேன். சுதாகரன் ஹயர் வந்த ஆளை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் வந்தவன், பிள்ளையைப் பார்க்க உள்ளே நுழைந்தான். யது கோப்பையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இவன் அந்தக் கோப்பையை வாங்கித் தன் வாயில் வைத்துப் பார்த்தான். பார்த்தவன் முகம் மாறியது.

"என்னா டீச்சர் இது. புள்ளைக்குப் பச்சத்தண்ணியா குடுக்குறீங்க?"

"கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி தம்பி. காலையிலயே வச்சிட்டேன்," என்றார் டீச்சர்.

"ஒரு பொட்டு சூடு இல்லையே."

"ஆறிட்டா எப்பிடித் தம்பி சூடு இருக்கும்?"

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். சுதாகரன் நிறுத்தவில்லை. "சுடுதண்ணின்னா சுடணும் டீச்சர். பல்லு கூசுது. இதக் குடிச்சா புள்ளைக்கு வயித்தால போகாம என்னா செய்யும்? அடுப்பெரிக்க அலுப்புன்னா சொல்லுங்க, நான் வந்து எரிச்சுத் தாறேன்," என்று லயம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றோம். யாரும் டீச்சருக்காகப் பேசவில்லை. எங்கள் ஊர்க் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கே காலையில் இறக்கி வைத்த தண்ணீர் பகலுக்குள் பீலித் தண்ணீரைப்போல ஜில்லென்று ஆகிவிடும். கையில் தொட்டால் எது காய்ச்சியது, எது காய்ச்சாதது என்று தெரியாது. குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்தால் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டும் என்பது எங்களுக்கெல்லாம் பிறந்ததிலிருந்தே தெரிந்த பாடம். அதனால் வீட்டில் வெதுவெதுப்பாகத்தான் கொடுப்போம். டீச்சர் ஜில்லென்று கொடுக்கிறார் என்றதும் எங்கள் மனசு சுதாகரன் பக்கம்தான் சாய்ந்தது. யூஜினாவுக்கு வயசாகுது, விறகு போட அலுப்பாயிருக்கும் என்று நானும் நினைத்தேன்.

டீச்சர் மூடியிருந்த பானையைத் திறந்து, ஒரு கோப்பை நிறையக் கோரி, எங்கள் எல்லார் முன்னாலும் கடகடவென்று குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பானையை மூடினார். சுதாகரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

"இனி எம்புள்ளய நானே பாத்துக்குவேன்," என்றான் போகிறபோக்கில். மறுநாள் ஆட்டோவை டர்பன்டைன் மரத்தடியில் நிறுத்தி, படங்குபோட்டு மூடிவிட்டான்.

அன்று பின்னேரமே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் ஒரு கரண்ட் கேத்தல் வாங்கி வந்தான். அந்தக் கேத்தல் வந்த நாள் எங்கள் லயத்துக்குத் திருநாள். முன்வாசல் இஸ்தோப்பில் அதை ஒரு ஸ்டூலில் வைத்து, தண்ணீர் ஊற்றி, பட்டனை அமுக்கினான். சுற்றி நின்று பார்த்தோம். அது உறுமியது, குலுங்கியது, ஆவி விட்டது, 'டிக்' என்று தானாகவே அணைந்தது. "பாத்தீங்களா? கொதிச்சாத்தான் நிக்கும். அதுக்கு முன்னால நீங்க கும்புட்டாலும் நிக்காது," என்றான், ஏதோ தான் செய்து வைத்ததைப்போல.

அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே உறுமலும் டிக்குமாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவன் சுத்தத்தில் மன்னன். பீலியில் தானே குடம் பிடித்து வந்தான். குடத்தை உமியும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்தான். பிள்ளையின் கோப்பை, கரண்டி எல்லாவற்றிலும் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவினான். ஊட்டுவதற்கு முன் முழங்கை வரைக்கும் கழுவுவான், டாக்டர்மார் ஆபரேசனுக்குப் போகிற மாதிரி. "பாப்பாவுக்கு யாரு சுடுதண்ணி போட்டது? அப்பா போட்ட சுடுதண்ணி," என்று அவன் ராகம் இழுப்பதும், யது கெக்கே பிக்கே என்று சிரிப்பதும் எனக்குக் கேட்கும். எனக்கும் சிரிப்பு வரும்.

சில நாட்கள் பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. பீலிக்கரையில் நின்று, "பாத்தீங்களா, கொதிச்ச தண்ணி செய்யிற வேலைய. அங்க பச்சத்தண்ணியக் குடுத்து எம்புள்ளய உருக்கிட்டாங்க," என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பேச்சு டிவிசன் முழுக்கச் சுற்றியது. இன்னும் சில தாய்மார் பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள், அனுப்பியவர்களும் வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் கொடுத்துவிட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற வழியில் பார்ப்பேன், யூஜினா டீச்சர் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் திரும்பாமல் நடப்பேன்.

பிறகு ஒரு பின்னேரம் நான் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் உறுமலும் இல்லை, பாட்டும் இல்லை. எட்டிப் பார்த்தேன். சுதாகரன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி அழுக்குத் துணிகள் கிடந்தன. யது என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. இடுப்பில் ஏற வேண்டும் என்று கேட்கவில்லை.

"விடியலேருந்து போகுதுக்கா. அன்னைக்கு மாதிரி இல்ல, ரொம்ப மோசம்," என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுக்கிற ஐயா பார்த்துவிட்டு, பாலை நிறுத்த வேண்டாம், ஜீவனிப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பிள்ளை சோர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். சுதாகரன் ஜீவனியைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினான். நிலக்ஷி வேலைக்குப் போகாமல் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நிற்பதுபோல நின்று திரும்பவும் போனது. ஒருவழியாக நின்றபோது பிள்ளையின் கைவளையல் முழங்கைக்கு மேலே ஏறி இறங்கியது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுதாகரன் முதலில் கேத்தலைத் திட்டினான். அடுத்து தோட்டத்துத் தண்ணீர் டாங்கியில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்றான். தண்ணீர் பைப் பார்க்கும் மாயாண்டியை இழுத்துக்கொண்டு மலை உச்சிக்கு ஏறினான். டாங்கி மூடியது மூடியபடி இருந்தது, உள்ளே எதுவும் கிடக்கவில்லை. காலெல்லாம் அட்டை கடித்து இரத்தம் வழிய இறங்கி வந்தான். மாயாண்டி போகும்போது, "ஓடுற தண்ணி தம்பி. கண்ணுக்குத் தெரியிறத நான் எடுத்துருவேன். தெரியாதத ஒங்க கேத்தல்தான் கொல்லணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு இருட்டுகிற நேரம் சுதாகரன் நிலக்ஷியிடம் சொன்னது சுவரைத் தாண்டி வந்தது. "எல்லாஞ் சரியாத்தான் செய்றேன் நிலா. கொதிக்க வைக்கிறேன், கழுவுறேன், மூடி வைக்கிறேன். அப்பறம் ஏன் எம்புள்ள தேயிது?"

வாழ்நாளில் முதல்தடவையாக சுதாகரனை நினைத்து எனக்கு நெஞ்சு வலித்தது. திட்டுவதற்கு அவனுக்கு இனி யாரும் மிச்சமில்லை.

பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்கு வருவதில்லை என்று தெரிந்து மிட்வைப் மிஸ் லயத்துக்கே வந்துவிட்டார். அன்று மலையில் கொழுந்து குறைவு, அரை நாளில் எங்களை விட்டுவிட்டார்கள். நிலக்ஷி வீட்டு இஸ்தோப்பில் பெஞ்சைப் போட்டு மிஸ்ஸை உட்காரவைத்தோம். நானும் ஓரமாகக் குந்திக்கொண்டேன். சுவரோரம் நின்று கேட்பதைவிட அது மரியாதை.

மிஸ் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு சுதாகரனிடம் கேட்கத் தொடங்கினார்.

"தண்ணி கொதிக்க வைக்கிறதா?"

"கொதிக்க வைக்கிறேன் மிஸ். தானா நிக்கிற வரைக்கும்."

"ஹரி, சரி. கை கழுவுறதா?"

"சவுக்காரம் போட்டு, முழங்கை வரைக்கும்."

"கோப்ப எல்லாம்?"

"கொதிதண்ணி ஊத்தி மிஸ்."

"குடம் மூடுறதா?"

"மூடித்தான் இருக்கு, பாருங்க."

மிஸ்ஸுக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது. பேனையால் காதோரம் சொறிந்துகொண்டார். பரீட்சையில் எல்லாவற்றுக்கும் சரியான பதில் எழுதிய பிள்ளை பெயிலாகி நிற்பதைப்போல நின்றான் சுதாகரன்.

அப்போது யது சிணுங்கினாள். உதட்டைக் குவித்து "தா... தா..." என்றாள். தண்ணீர் கேட்கிறாள். சுதாகரன் பாய்ந்து எழுந்தான். மிஸ் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும். கையைக் கழுவினான். கேத்தல் உறுமி, குலுங்கி, டிக் என்று நின்றது. கோப்பையில் பாதிக்குக் கொதிதண்ணீர் ஊற்றினான், ஆவி பறந்தது. அதே வீச்சில் குடத்தின் மூடியைத் தூக்கி, டம்ளரால் கோரி, கோப்பையின் மறுபாதியை நிரப்பினான். ஒரு சுற்றுச் சுற்றினான். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். பதமான சூடு. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

நானும் நிலக்ஷியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் கண்ணுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. தண்ணீர் என்றால் அப்படித்தானே செய்வது?

மிஸ் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நில்லுங்க, நில்லுங்க. இப்ப என்ன செஞ்சது?"

"வெளாவுனேன் மிஸ்."

"வெ... என்ன?"

"வெளாவுறது மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார். "வெளாவுறதுதான் மிஸ்," என்றேன் நானும், அவருக்குக் காது மந்தம் என்பதைப்போலக் கொஞ்சம் உரக்க. பாவம், அவருக்குக் கொதிப்பது தெரியும், ஆறுவது தெரியும், வடிகட்டுவது தெரியும். இந்த ஒரு சொல்லை மட்டும் இத்தனை வருஷமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல் தெரியாததால் அவர் அதைக் கேட்டதில்லை. அவர் கேட்காததால் நாங்களும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

டவுனில் ஓடுகிறவனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. "உணு வத்துரட்ட டிக்கக்..." என்று 'சுடுதண்ணியில் கொஞ்சம்' வரைக்கும் வந்தான். இந்தச் சொல்லுக்குச் சிங்களம் வராமல் சிக்கிக்கொண்டு தமிழுக்கே திரும்பினான்.

"அதாவது மிஸ், கொதிச்ச தண்ணிய அப்பிடியே குடுத்தா புள்ளைக்கு வாய் வெந்துரும் இல்லீங்களா? அதுக்காக அந்தச் சுடுதண்ணியில, அளவாப் பாத்து, கொஞ்சமா பச்சத்..."

அங்கே நின்றுவிட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சுதாகரன் தன் வாயால்தான் தப்பினான். யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. தெரியாத ஒருவருக்கு விளக்கப் போனவன் தான் சொல்லுவதைத் தானே கேட்டுக்கொண்டான். யது கோப்பையை எட்டிப் பிடிக்கக் கை நீட்டினாள். அவன் கோப்பையை மெல்லப் பின்னால் இழுத்தான். குடத்தைப் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான்.

"...தண்ணி," என்று முடித்தான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

நிலக்ஷி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நாங்களும் அப்படித்தான் பிள்ளை வளர்த்தோம், இந்த லயத்தில் எல்லார் கையும் அப்படித்தான் போகும். குளிக்க வெளாவுவோம், முகம் கழுவ வெளாவுவோம், குடிக்கவும் வெளாவுவோம். தொட்டால் சுட்டால் அது சுடுதண்ணி. அதில் பாதி கொதித்ததா, கொதிக்காததா என்று கேட்க எங்களுக்குத் தோன்றியதில்லை. டீச்சரின் தண்ணீர் ஜில்லென்று இருந்தது, அதனால் அது பச்சைத்தண்ணீர் என்றோம். எங்கள் தண்ணீர் இதமாக இருந்தது, அதனால் அது நல்ல தண்ணீர் என்றோம்.

"மிஸ், ஜீவனியும் இப்பிடி வெளாவித்தான் கரைச்சேன்," என்றான் சுதாகரன். "போகப் போக இன்னும் ஊட்டுனேன்." அவன் கண் நிறைந்துவிட்டது. நான் முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்க்கத் தொடங்கினேன்.

மிஸ் திட்டவில்லை. அந்தக் கோப்பையை வாங்கி முற்றத்தில் ஊற்றினார். "அனே, ஐயோ, வெளாவுங்க," என்றார். "புள்ளைக்குச் சூடு வேணும்னா வெளாவத்தான் வேணும். ஆனா ஊத்துற தண்ணியும் கொதிச்சு ஆறினதா இருக்கணும். கொதிச்சதுல கொதிச்சத வெளாவுங்க. ஜீவனியும் அப்பிடித்தான்." புதிதாகக் கிடைத்த சொல்லை இன்னும் இரண்டொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இனி நான் எல்லா வீட்டுலயும் கேக்கிறது, வெளாவுறதா, வெளாவுறதான்னு."

மறுநாள் காலை, பெரட்டுக்கு முன்னால் தாய்மாரெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரத்தில், சுதாகரன் இஸ்திரி போட்ட சட்டையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்தான். ஓரமாகப் போய் டீச்சர் காதில் மன்னிப்புக் கேட்பான் என்றுதான் நினைத்தேன். கத்தியது ஊர் கேட்க, மன்னிப்பு மட்டும் ஒளித்துக் கேட்பதா என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"டீச்சர்," என்றான். எல்லாரும் திரும்பினார்கள். "ஒங்க தண்ணிதான் சரி. நாந்தான் பொய்யாப் பழி போட்டேன். கொதிச்ச தண்ணியில குடத்துத் தண்ணிய வெளாவி நானே எம்புள்ளைக்குக் குடுத்திருக்கேன். புள்ள இங்க வந்த காலத்துலயும் காலையிலயும் அந்தியிலயும் வீட்டுல அப்பிடித்தான் குடுத்தோம். அதுலதான் புள்ளைக்கு இப்பிடி ஆச்சு."

நாலு பேராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சரை நம்பாமல் சுதாகரனை நம்பிய தாய்மார் கையில் பிள்ளைக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல் இருந்தது. எல்லாம் விடியக்காலையில் நிறைத்தது, எல்லாம் இதமான சூடு. எங்கள் லயத்து ஜீவராஜின் மனைவி தன் போத்தலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மூடியைத் திருகி, வாசலோரப் புல்லில் கவிழ்த்தாள். குளிரில் அதிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. அடுத்தவளும் கவிழ்த்தாள். அதற்கடுத்தவளும். புல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

யூஜினா டீச்சர் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லாமல் விட்டிருக்க மாட்டேன். அவர் உள்ளே போய் முதல்நாளே காய்ச்சி ஆறவைத்த பானையைத் தூக்கிவந்து, ஒவ்வொரு போத்தலையும் கொதிதண்ணீரால் அலசி நிறைத்துக் கொடுத்தார். கடைசியாக சுதாகரன் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க சத்தம் போட்டதெல்லாம் பரவாயில்ல தம்பி," என்றார். "இவளுக்குச் சொகமில்லன்னு கேள்விப்பட்டேன். வந்து பாக்கக்கூட எனக்கு மொகம் இல்லாமப் பண்ணிட்டீங்களே."

யது சுதாகரன் தோளிலிருந்து சரிந்து டீச்சரிடம் தாவினாள். டீச்சர் ஒரு கோப்பையில் தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் ஜில்லென்று இருந்ததில் மூஞ்சியைச் சுருக்கினாள். எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மடக் மடக் என்று மிச்சத்தையும் குடித்தாள்.

அதற்குப் பிறகு கிளினிக் வரும்வரைக்கும் அவளுக்கு வயிற்றால் போகவில்லை. சோறு கேட்டு அடம் பிடித்தாள், என் இடுப்பு வலிக்கத் தொடங்கியது. ஆனாலும் தராசு என்ன சொல்லுமோ என்று எங்களுக்குள் ஒரு பயம் இருந்தது. நிலக்ஷி அந்த வாரம் முழுக்கக் கொழுந்தை வெளுத்து வாங்கினாள்.

கிளினிக் அன்று யூஜினா டீச்சரும் எங்களோடு வந்திருந்தார். மிஸ் யதுவைத் தராசுத் துணிக்குள் போட்டுக் கொக்கியில் மாட்டினார். அவள் காலை உதைத்தாள், தராசு ஆடியது. முள் நிற்கவில்லை. சுதாகரன் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

"என்னால பாக்க ஏலாது," என்றான். "டீச்சர், நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

யூஜினா டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தராசுக்குக் கிட்டப் போனார். முள் நிற்கும்வரை பொறுத்திருந்தார்.

"ஏறியிருக்கு தம்பி," என்றார். "இன்னும் ஏறணும். ஆனா ஏறியிருக்கு."

சுதாகரன் திரும்பவில்லை. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டான், தோள் இரண்டும் குலுங்கின, அவ்வளவு பெரிய சத்தக்காரனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நிலக்ஷி போய் அவன் முதுகில் கை வைத்தாள். டீச்சர் பிள்ளையைத் துணியிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.